நிலையும் நீச்சும்

பொருநையாற்றின் படித்துறையில் மாலைப் பொழுதில் சிறிது நேரம் நிற்பவர் செவியில் ஓர் உரையாடல் விழக்கூடும். புதிதாக நீரில் இறங்கும் சிறுவன், தனக்கு முன்னே நீராடிக்கொண்டிருப்பவரைப் பார்த்து, “அண்ணா, அங்கே நிலைக்குமா?” என்று கேட்பான். “அந்தப் பாறை வரையில் நிலைக்கும், அதற்கப்பால் நீச்சு” என்று அவர் விடை கூறுவார். வினாவும் விடையும் அவ்வளவே. ஆயினும், அச்சிறுவன் அன்று நலமாக வீடு திரும்புவது அவ்விரு சொற்களின் பொருளை அவன் அறிந்திருப்பதைப் பொறுத்ததாகும்.

கால் ஊன்றி நிற்கத்தக்க ஆழமுள்ள நீரை ‘நிலைக்கும் நீர்’ என்பர் தமிழ்மக்கள். முழங்காலளவு, இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு என்று உடம்பையே அளவுகோலாகக் கொண்டு அதன் ஆழத்தைக் குறிப்பர். கழுத்தைக் கடந்துவிட்டால் அவ்வளவுகோல் பயன்படாது. அதற்கு மேல் ‘ஓர் ஆள் ஆழம்’, ‘இரண்டாள் ஆழம்’ என்று எண்ணத் தொடங்குவர். அங்கே நிலை முடிகிறது, நீச்சுத் தொடங்குகிறது. நீச்சு என்னும் சொல் நீந்துகின்ற செயலையும் குறிக்கும். நீந்தியே கடக்கவேண்டிய ஆழத்தையும் குறிக்கும். செயலுக்கும் அது நிகழும் இடத்திற்கும் ஒரே பெயர் அமைந்திருப்பதில் ஒரு நுட்பம் உண்டு. நிற்க இயலும் இடத்தில் கையையும் காலையும் எவ்வளவு வீசினாலும் அது விளையாட்டே. நிலை அற்ற இடத்தில்தான் நீச்சல் உண்மையாகிறது.

நீந்து என்பது இச்சொற்குடும்பத்தின் பகுதி. நீந்தல், நீந்துதல் என்பன அதனின்று பிறந்த தொழிற்பெயர்கள். மெல்லின மெய் வலிந்து நீத்து என்றும் ஆகும். நீத்து, நீத்தம் என்னும் சொற்கள் ஆழத்தையும் வெள்ளத்தையும் குறித்துப் பழைய நூல்களில் வழங்குகின்றன. நீத்து என்பதிலுள்ள தகரம் சகரமாகத் திரிய நீச்சு என்றாயிற்று. அது ‘அல்’ விகுதி பெற்று நீச்சல் ஆயிற்று. தகரம் சகரமாவது தமிழர் நாவிற்குப் புதியதன்று. ஐந்து என்பதை அஞ்சு என்றும், சிரித்து என்பதைச் சிரிச்சு என்றும் நாள்தோறும் பேச்சில் கேட்கிறோம் அல்லவா? இனமொழிகளிலும் இச்சொல் உண்டு. மலையாளத்தார் நீந்துக என்பர். துளுவர் நீந்துனி என்பர். கன்னடத்தில் ஈஜு என்றும், தெலுங்கில் ஈது என்றும் முதலெழுத்திலுள்ள நகர ஒலி நீங்கி வழங்குகிறது. தென்னாட்டு மொழிகள் ஒன்றினின்று ஒன்று பிரிவதற்கு முன்பே இந்நாட்டு மக்கள் ஆறுகளை நீந்திக் கடந்தனர் என்பதற்கு இச்சொல்லே சான்றாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். திருக்குறளில் ‘நீத்தார் பெருமை’ என்னும் அதிகாரத்தைப் படிக்கும் மாணவர் சிலர், நீத்தார் என்பதை நீந்தியவர் என்று மயங்குதல் உண்டு. அங்கு நீத்தார் என்பது துறந்தவரைக் குறிக்கும். நீத்தல் என்றால் விடுதல், துறத்தல். ஓசையால் ஒன்றுபோல் தோன்றினும் பொருளால் அவை வேறு.

நீந்துதலோடு மயங்கக்கூடிய மற்றொரு சொல் மிதத்தல். மரக்கட்டை மிதக்கும், உதிர்ந்த சருகு மிதக்கும், மீனோ நீந்தும். ஒரு பொருள் தான் விலக்கும் நீரின் எடைக்கு மிகாத எடையுடையதாயின் நீர் அதனைத் தாங்கிக்கொள்ளும். அதற்கு அப்பொருள் யாதொன்றும் செய்யவேண்டுவதில்லை. மனித உடம்பு இவ்வகையில் ஓர் எல்லைக்கோட்டில் நிற்பது. நுரையீரல் நிறையக் காற்றை உள்வாங்கியவர் உடம்பு பெரும்பாலும் மிதக்கும். காற்றை முழுதும் வெளிவிட்டால் அமிழத் தொடங்கும். பாலஸ்தீனத்தை அடுத்துள்ள சாக்கடலில் பெருங்கடலிற் போல ஏறத்தாழப் பத்து மடங்கு உப்பு உள்ளது. அங்கே நீந்தத் தெரியாதவரும் நீரின்மேல் மல்லாந்து கிடந்து செய்தித்தாள் படிக்கலாம். ஆயின், அங்கே நீந்துவது எளிதன்று. கால்கள் நீருக்குமேல் எழும்பிவிடுதலால் நீரை உதைத்துத் தள்ள இயலாது. உப்பு நீர் கண்ணிற் பட்டால் எரிச்சல் தாங்க முடியாது. மிதத்தல் மிக எளிதாக இருக்கும் நீரிலேயே நீந்துதல் அரிதாக இருப்பதைக் காணும்போது, இவ்விரு சொற்களையும் வெவ்வேறாக வைத்த முன்னோரின் அறிவு விளங்கும்.

ஆங்கிலத்தில் நீந்துதலைக் குறிக்கும் சொல், தலை சுற்றுவதையும் குறிக்கும். குழம்பில் மிதக்கும் இறைச்சித் துண்டையும் குறிக்கும். தமிழ்ச் சொல் அவ்வாறெல்லாம் பரவவில்லை. அது வேறொரு திசையிற் சென்றது. நீரே இல்லாத பாலை நிலத்திற்குச் சென்றது!

சங்க இலக்கியத்தில் ‘சுரம் நீந்துதல்’ என்னும் வழக்கு உண்டு. பொருள் தேடும்பொருட்டு வீட்டை நீங்கிய தலைவன், நிழலும் நீரும் அற்ற வழியைக் கடந்து செல்வதையே அவ்வாறு கூறுவர். நடந்தான் என்றால் போதாதோ? போதாது. பாலையின் நடுவே நின்று இளைப்பாற ஓர் இடமில்லை. பின்வாங்கினாலும் அதே தொலைவு. முன்னேறினாலும் அதே தொலைவு. உடல் வலியும் உள்ளத் துணிவும் உள்ளவரையில் சென்றுகொண்டே இருத்தல் வேண்டும். ஆழ்ந்த நீரின் நடுவே அகப்பட்டவன் நிலையும் அதுவேயன்றோ? நீரில்லாத இடத்திற்கு நீரைப் பற்றிய சொல்லை எடுத்து வழங்கிய புலவர்கள் ஈரத்தை எண்ணவில்லை. நிற்க இடமின்மையை எண்ணினார்கள்.

காலத்தையும் நீந்தலாம். குறுந்தொகையில் 387-ஆம் பாட்டின் தலைவி, பிரிவினால் வருந்தும் மாலைப் பொழுதை ஒருவாறு நீந்திக் கடந்தாலும் பயன் என்ன என்று தோழியிடம் வினவுகிறாள். அதன்பின் வரும் இரவு கடலினும் பெரிதாயிருக்கிறதே என்று கலங்குகிறாள். இப்பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்துபோயிற்று. இரவை வெள்ளமாக்கி அவர் அமைத்த தொடரையே அவருக்குப் பெயராக்கி, கங்குல் வெள்ளத்தார் என்று அவரைத் தமிழுலகம் வழங்கி வருகிறது. உறக்கமின்றிக் கழியும் இரவில் விடியலைக் கரையாக எண்ணிக் காத்திருந்தவர் எவருக்கும் அப்பெயரின் பொருத்தத்தை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

திருவள்ளுவர் இச்சொல்லைக் கடவுள் வாழ்த்திலேயே இரு குறள்களில் வைத்தார். எட்டாம் குறளிலும் பத்தாம் குறளிலும் நீந்தப்படுவது கடலே; பின்னதில் பிறவி என்னும் பெருங்கடல். காமத்துப்பாலில் காதற்பெருக்கை நீந்திக் கரை காணாத ஒருத்தி பேசுகிறாள். எங்கு வரினும், நீந்துதல் என்னும் சொல்லின் பக்கத்திலேயே கரை என்னும் எண்ணமும் நிற்கிறது. கரை கண்ணுக்குத் தெரியலாம், தெரியாமலும் இருக்கலாம். ஆனால், நீந்துபவன் அதை நாடுகிறான். கணியன் பூங்குன்றனார் மனித வாழ்வைப் பற்றிக் கூறும்போது, ஆற்றுவெள்ளம் இழுத்துச் செல்லும் தெப்பத்தை உவமை காட்டினார். அங்கு அவர் நீந்துதல் என்னும் சொல்லை ஆளவில்லை. தெப்பம் செல்கிறது, நீந்துவதில்லை.

இவ்வேறுபாட்டைப் புலவரைக் காட்டிலும் பொதுமக்களே தவறாமற் காக்கின்றனர் எனலாம். ‘கடனில் மூழ்கிவிட்டார்’ என்றால், அவரைப் பற்றிய நம்பிக்கை போயிற்று என்பது பொருள். ‘கடனில் தத்தளிக்கிறார்’ என்றால், முயற்சி இருக்கிறது, வழிதான் தெரியவில்லை. ‘எப்படியோ நீந்திக் கரையேறிவிட்டார்’ என்றால், கேட்பவர் முகம் மலர்கிறது. மூன்று வினைகளும் ஒரே குளத்தில் பிறந்தவை. மூன்றும் மூன்று மனிதரைக் காட்டுகின்றன. இதற்கு மாறாக, ‘மகிழ்ச்சிக் கடலில் நீந்தினான்’ என்று இக்காலத்தில் சிலர் எழுதக் காண்கிறோம். மகிழ்ச்சியில் திளைக்கலாம், மூழ்கலாம், அதனால் நிலைகொள்ளாமல் துள்ளலாம். அதை நீந்திக் கடப்பானேன்? விரைவில் அதனின்றும் வெளியேறவேண்டும் என்று எவரேனும் விரும்புவரோ? ‘பணத்தில் நீந்துகிறார்’ என்பதும் இத்தகையதே. ஆனால், முகிலிடையே நிலவு நீந்துகிறது என்று கவிஞர் பாடினால் அது குற்றமாகாது. நிலவு வானத்தின் ஒரு கரையினின்று மறு கரைக்குச் செல்கிறதன்றோ!

எதிர்நீச்சல் என்னும் தொடருக்கு இன்றைய தமிழில் தனிப்பெருமை வந்துள்ளது. கே. பாலசந்தர் 1968-ஆம் ஆண்டில் இப்பெயரால் ஒரு திரைப்படம் இயக்கினார். மாடிப்படியின் கீழ் ஒண்டியிருந்து, பிறர் இடும் வேலைகளைச் செய்துகொண்டே படிக்கும் ஏழை மாணவனைப் பற்றியது அது. வறுமையை எதிர்த்து முன்னேறுவோரை எல்லாம் இன்று எதிர்நீச்சல் இடுபவர் என்கிறோம். புதுவெள்ளம் பாயும் மடைவாயில் நீரை எதிர்த்துத் துள்ளி ஏறும் மீன்களைக் கண்டவர்க்கு இத்தொடரின் அழகு புலனாகும். எனினும், ஆற்றங்கரையில் வாழ்வோர் இதனை ஓரளவு புன்னகையோடுதான் கேட்பர். வெள்ளம் ஓடும் ஆற்றைக் கடக்கவேண்டிய நீச்சல்காரர் எவரும் வெள்ளத்தை நேரே எதிர்ப்பதில்லை. தாம் சேரவேண்டிய துறைக்கு நெடுந்தொலைவு மேலே சென்று நீரில் இறங்குவர். நீரின் போக்கு அவரைக் கீழ்நோக்கி இழுக்கும். அவரோ குறுக்காக நீந்துவர். அவ்விரண்டு இயக்கமும் கூடி அவரை உரிய துறையிற் கொண்டு சேர்க்கும். கடலிலும் அவ்வாறே. கரையினின்று கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கியவர், அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் களைத்து வலிமை இழப்பர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தின் பிடி தளர்ந்தபின் கரைக்குத் திரும்புதலே தக்கது.

வங்கத்துப் பெண்மணி ஆரத்தி சாகாவின் வரலாறு இதற்கு நல்ல சான்று. பிரான்சு நாட்டிற்கும் இங்கிலாந்துக்கும் இடையேயுள்ள ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க அவர் 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் முயன்றார். இங்கிலாந்தின் கரை அண்மையில் இருந்தும் நீரோட்டம் அவருக்கு மாறாகத் திரும்பியது. முன்னேற இயலாமல் முயற்சியைக் கைவிட நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. ஒரு திங்கள் கழித்து, செப்டம்பர் 29-ஆம் நாள் மீண்டும் நீரில் இறங்கினார். 16 மணி 20 நிமிடம் நீந்தி இங்கிலாந்தின் கரையேறினார். அக்கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி அவரே. இரு கரைகளுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய தொலைவு ஏறக்குறைய 33 கிலோமீட்டர்தான். ஆயினும், ஏற்றவற்றங்களால் ஓட்டம் இப்புறமும் அப்புறமும் இழுப்பதால், நீந்துவோர் செல்லும் வழி வளைந்து வளைந்து நீண்டுவிடுகிறது. தமிழகத்திற்கும் இலங்கைக்கும் இடையேயுள்ள பாக்கு நீரிணையை 1954-இல் நவரத்தினசாமி என்னும் ஈழத்தமிழர் நீந்திக் கடந்தார். 1994-இல், பதின்மூன்று வயது நிரம்பாத குற்றாலீசுவரன் என்னும் தமிழகச் சிறுவர் அதனையும் ஆங்கிலக் கால்வாயையும் ஒரே ஆண்டில் கடந்தார்.

இத்தகைய அருஞ்செயல்கள் ஒருபுறம் இருக்க, வீட்டருகே உள்ள குளமும் கிணறுமே பெரும்பாலோர்க்கு உரிய கடல்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3,00,000 மக்கள் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் நிறைவேற்றிய தீர்மானத்தால், ஜூலை 25-ஆம் நாள் நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாகக் குறிக்கப்பட்டுள்ளது. மண்ணும் மணலும் எடுத்த குளங்களிலும் ஆறுகளிலும் நிலைக்கும் நீருக்கும் நீச்சுக்கும் இடையே ஓரடித் தொலைவுகூட இருப்பதில்லை. ஒரு காலை ஊன்றிய இடத்தில் மார்பளவு; மறு காலை வைக்கும் இடத்தில் இரண்டாள் பள்ளம். ‘நேற்று இங்கே நிலைத்தது’ என்னும் அறிவு, வெள்ளம் வந்துபோன ஆற்றில் இன்று பயன்படாது.

தத்தளிப்பவர் கூவி அழைப்பார் என்று பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. வாய் நீருக்கு மேலே வரும் நொடியில் மூச்சை இழுக்கவே அவருக்கு நேரம் போதாது, கூவுவது எங்ஙனம்? கரையில் இருப்பவர்கள் அவர் விளையாடுவதாகவே கருதிவிடுவர். அவரைக் காக்க நீந்தத் தெரியாத ஒருவர் குதித்தால் இருவர் உயிரும் போகும். கயிறு, மூங்கிற்கழி, வேட்டி, புடைவை ஆகியவற்றுள் எது கிடைத்தாலும் அதை எறிந்து, கரையில் இருந்தபடியே இழுப்பதுதான் உதவி. அதனாலேயே ‘கைகொடுத்தான்’ என்பது தமிழில் உதவினான் என்னும் பொருளைப் பெற்றது போலும்.

நீச்சலுக்குத் தூண்டுகோல் சில வேளைகளில் துயரமாகவும் அமையும். அங்கேரி நாட்டைச் சேர்ந்த ஆல்பிரட் ஹயோசு என்பவர் பதின்மூன்று வயதில் தம் தந்தையைத் தன்யூப் ஆற்றில் இழந்தார். அதன்பின்னரே அவர் நன்றாக நீந்தக் கற்க உறுதி பூண்டார். 1896-ஆம் ஆண்டில் ஏதென்சு நகரில் முதன்முதலாக இக்கால ஒலிம்பிக் விளையாட்டு நடைபெற்றபோது, நீச்சற்போட்டிக்குக் குளம் கட்டப்படவில்லை. குளிர்ந்த கடலிலேயே போட்டி நிகழ்ந்தது. 100 மீட்டரிலும் 1,200 மீட்டரிலும் ஹயோசு முதல்வராக வந்தார். நீண்ட போட்டிக்கு வீரர்களைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய் விட்டு, கரையை நோக்கி நீந்தச் செய்தனர். குளிரைத் தாங்க உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொண்டு அவர் நீந்தினார். வெல்ல வேண்டும் என்னும் விருப்பத்தைக் காட்டிலும், பிழைக்க வேண்டும் என்னும் விருப்பமே அன்று தம்மை ஆட்கொண்டது என்று பிற்காலத்தில் அவர் கூறினார். சுரம் நீந்திய தலைவனை அறிந்த தமிழ் மாணவர்க்கு இக்கூற்று வியப்பளிக்காது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நீச்சல் கற்பிக்கும் முறை எளியது. உலர்ந்த சுரைக்குடுக்கையையோ வாழைத்தண்டையோ சிறுவனின் முதுகில் கட்டி, இடுப்பில் ஒரு கயிற்றைப் பிணைத்து, கிணற்றில் இறக்கிவிடுவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி; நீச்சலுக்கும் அது உதவாது. தந்தையோ தமையனோ கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பார். சில நாளில் குடுக்கை போகும். பின்பு கயிறும் போகும். அதன்பின் சிறுவன் தவளை நீச்சல், மல்லாந்த நீச்சல், உள்நீச்சல் என்று ஒவ்வொன்றாகத் தானே பழகிக்கொள்வான்.

உள்நீச்சலின் இன்பத்தை நினைத்துப் பார்க்கும் முதியவர் ஒருவர் புறநானூற்றில் இருக்கிறார். நீர்மேல் தாழ்ந்து படர்ந்த மருதமரத்தின் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திகைக்கும்படி ஆழ்ந்த மடுவில் குதித்து, அடியிலுள்ள மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்டிய தம் இளமை இன்று எங்கே போயிற்று என்று அவர் இரங்குகிறார். இப்போது அவர் பூண் கட்டிய தடியை ஊன்றி நடக்கிறார். இருமலுக்கு நடுவே சில சொற்களே பேசுகிறார். இவர் இயற்பெயரும் தெரியாது. அத்தடியைக் குறித்த தொடராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் எனப்பட்டார். ஒரு காலத்தில் நிலையில்லாத நீரில் அச்சமின்றிப் பாய்ந்தவர்க்கு, உறுதியான நிலத்திலும் நிலைகொள்ள ஒரு தடி வேண்டியதாயிற்று.

இக்காலத்தில் இச்சொல் புதிய இடம் ஒன்றிற்கும் செல்ல முயன்றது. சோவியத்து நாட்டு விண்வெளி வீரர் அலெக்சி லியோனவ், 1965-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள், தம் கலத்தை விட்டு வெளியேறி ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம் வெட்டவெளியில் இருந்தார். மனிதர் ஒருவர் அவ்வாறு செய்தது அதுவே முதன்முறை. அச்செயலை விண்ணில் நடந்தார் என்றும், மிதந்தார் என்றும், நீந்தினார் என்றும் பலவாறாக வழங்குவர். அவர் கால் ஊன்ற அங்கே நிலை ஏதும் இல்லை. ஆதலால் நடந்தார் என்பது பொருந்தாது. நீந்துபவர் நீரைப் பின்னே தள்ளி முன்னே செல்கிறார். அங்கே பின்னே தள்ளுவதற்கு நீரும் இல்லை, காற்றும் இல்லை. கையையும் காலையும் எவ்வளவு வீசினாலும் அவர் ஓரங்குலமும் நகர்ந்திருக்க மாட்டார். அவரைக் கலத்தோடு பிணைத்திருந்தது ஒரு கயிறு. திரும்பும் வேளையில் அவருடைய உடை காற்றினால் உப்பிப் பருத்துவிட்டது. அக்காற்றில் ஒரு பகுதியை வெளியேற்றி உடையைச் சுருங்கச் செய்து, கயிற்றைப் பற்றி இழுத்தே அவர் கலத்தின் வாயிலை அடைந்தார். மூன்று சொற்களுள் மிதந்தார் என்பதே அச்செயலுக்கு உரியது.